பாதிச் சீட்டு

மதியத்திலேயே வீடு இருண்டு கிடக்கிறது. வாசற்படி ஏறி வந்த வெள்ளம் கட்டில் காலை நனைக்கிறது. கட்டிலில் கிடக்கும், நடக்க முடியாத தன் மாமியாரை ஒருமுறை பார்த்துவிட்டு, தையல்காரரின் மனைவி சாமி படத்துக்கு முன்னால் இரண்டு சீட்டு எழுதிப் போடுகிறாள்: 'போகலாம்', 'போக வேண்டாம்'. தெருவில் ஆழம் பார்த்துத் திரும்பிய தையல்காரர் சொட்டச் சொட்ட நின்றபடியே ஒன்றை எடுத்துப் பிரிக்கிறார். ஈரக்கை பட்டு மை கரைகிறது. 'போக' மட்டும் மிஞ்சுகிறது. "சாமியும் பாதியில நிறுத்திட்டாரே," என்கிறார். இன்னொரு சீட்டுக்குக் கை நீட்டுகிறார். அதற்குள் அவள் அதை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிடுகிறாள். "சொன்ன வரைக்கும் போதும். அத்தையத் தூக்குங்க. மீதிய நடந்துகிட்டே கேட்டுக்கலாம்."