செம்மியின் முறைப்பு

ஆற்று நீரில் மிதந்து வந்த செம்மி என்ற களிமண் துகளுக்கு ஒரே பிடிவாதம். யாரையும் தொடாமல் போய்க் கடலைப் பார்த்துவிட வேண்டும். மலையிலிருந்தே கூட வந்த கரியாள் என்ற துகள் கொஞ்சம் நெருங்கினாலும், "தள்ளிப் போ!" என்று முறைப்பாள். கரியாள் மட்டும் லேசுப்பட்டவளா? அதே வேகத்தில் திருப்பி முறைப்பாள். துகள் குலத்து வழக்கம் அது. அப்படி விலகி விலகியே எல்லாரும் அடியில் தங்காமல் மிதந்து வந்தார்கள்.

முகத்துவாரத்தில் உப்பு எதிரே வந்து அவர்களைச் சூழ்ந்துகொண்டது. செம்மி முறைத்தாள். அந்த முறைப்பு கரியாளை எட்டுவதற்குள் உப்பு அதை விழுங்கிவிட்டது. கரியாள் வந்து முதுகோடு ஒட்டிக்கொண்டாள். பின்னாலேயே இன்னும் பலர்.

"உன்னால கெட்டேன்! கனம் தாங்காம முழுகுறேனே!" என்று செம்மி கத்தினாள்.

"நான் மட்டும் என்ன, பறக்கிறேனா?" என்றாள் கரியாள்.

எல்லாரும் கும்பலாக அடியில் போய் உட்கார்ந்தார்கள். எங்கெங்கோ அலைந்து வந்த அலையாத்தி விதை ஒன்று அந்தச் சேற்றில் நடுங்கிக்கொண்டே வேரை நுழைத்தது. செம்மிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் வேருக்கு இடம் விட்டாள்.

கடல் நீர் உள்வாங்கும் நேரம் வந்தது. "கடலைப் பார்க்கணும்னு துடிச்சவதானே நீ? அவளை விடு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வடியும் நீர் இழுத்தது.

செம்மி கரியாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விதையை ஒருமுறை பார்த்தாள். பிறகு நீரை முறைத்தாள்.

"தள்ளிப் போ!"