முதல் வரியிலேயே சொல்லிடணும்

"சார், இந்த ஒரு தடவை விட்டுடுங்க சார். வேலை போச்சுன்னு தெரிஞ்சா வெளியில தலை காட்ட முடியாது!"

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் கையெடுத்துக் கும்பிட்டாள். குழுத் தலைவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. தொண்டையைச் செருமினார், ஜன்னலைப் பார்த்தார், "சரி... யோசிச்சுப் பாக்கலாம்" என்றார்.

"போச்சு! கெட்டது குடி!" கும்பிட்ட கையாலேயே மேஜையை ஓங்கித் தட்டினாள் அவர் மனைவி. "இன்னும் யோசிக்க என்ன இருக்கு? முடிவு பண்ணியாச்சுல்ல? முதல் வரியிலேயே சொல்லிடணும். கண்ணைப் பாத்துச் சொல்லணும்."

அவள் வேறொரு கம்பெனியில் ஒரு பட்டாளத்தையே கட்டி மேய்ப்பவள். அவரோ லிஃப்ட் செய்யும் நிறுவனத்தில் பொறியாளர் குழுவுக்குப் புதிதாகத் தலைவரானவர். மெஷினைப் பற்றிப் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவார். மனுஷனிடம் கறாராக ஒரு வார்த்தை பேச நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு அவர் வாயால்தான் ஒருவனுக்கு வேலை போக வேண்டும்; அதற்குத்தான் மனைவியோடு இந்த ஒத்திகை. ஆபீசில் நாலு பேர் பார்க்க வேண்டாமென்று வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார். இப்போது வந்துவிடுவான்.

"அது யாருன்னா..." என்று ஆரம்பித்தார்.

"ஐயோ, பேரைச் சொல்லாதீங்க! தெரிஞ்சா எனக்கும் பாவம் பாக்கத் தோணும். என்ன பண்ணான், அதை மட்டும் சொல்லுங்க."

"ப்ரேக்கைச் சோதிக்காமலே சோதிச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். ரெண்டாவது தடவை."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி! லிஃப்ட்ல புள்ளகுட்டியோட போறவங்க உயிர் என்ன கிள்ளுக்கீரையா? இவனுக்கா இப்படி உருகுறீங்க?"

"சிபாரிசுல வந்தவன்மா. சொல்லிச் சேத்துவிட்டவங்க மனசு உடைஞ்சு போயிடும்..."

"உடையட்டுமே! லாயக்கில்லாதவனை உங்க தலையில கட்டினாங்கல்ல, அனுபவிக்கட்டும். இவனை விட்டீங்க, நாளைக்கு டீம்ல ஒருத்தன் உங்களை மதிக்க மாட்டான்."

அவர் அவளையே பார்த்தார். "நிஜமாத்தான் சொல்றியா?"

"சத்தியமா. எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

இந்த முறை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னையோட உனக்கு இங்க வேலை இல்ல. சோதிக்காம கையெழுத்துப் போட்டதுதான் காரணம். இந்த முடிவு மாறாது."

குரல் நடுங்கவில்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது. யாரோ ஒருத்தனுக்காக இந்த மனுஷனுக்கு இவ்வளவு பாசமா என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

"இதுதான் தலைவருக்கு அழகு! இதுல ஒரு எழுத்துகூட மாறக் கூடாது, சொல்லிட்டேன்."

வாசல் மணி அடித்தது. அவர் எழுந்திருக்கப் போனார்.

"நீங்க அசையாதீங்க. நான் திறக்கறேன்."

வருகிறவன் உள்ளே நுழையும்போதே நடுங்கட்டும் என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

"என்னக்கா முறைக்கிற? மாமா எதுக்கு என்னை அவசரமா வரச் சொன்னாரு?"