வேலிக்குள் போகாத மாடு

வெளியிலிருந்து வந்த மாடுகள் நமுனுகுல மலைப் புல்வெளியை என்ன பாடுபடுத்துகின்றன என்று பதினைந்து வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தார் கலாநிதி வாமதேவன். மாடுதான் குற்றவாளி என்று அவர் எழுதிவிட்டால், எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்; மலையில் ஒரு மாடும் மிஞ்சாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்த நேசராணிக்கு இருப்பதோ ஒரே பசு.

மாடு மேயாவிட்டால் புல் எவ்வளவு வளரும் என்று பார்க்க, கொஞ்ச நிலத்தைக் கம்பிவேலியால் அடைத்து அவளையே காவல் வைத்திருந்தார். இன்று அளக்க வந்தவர் திகைத்து நின்றார். வேலிக்கு உள்ளேயும் புல் கட்டையாகவே இருந்தது.

"நேசராணி, மாடு ஏதும் உள்ளுக்குப் போனதோ?"

"மாதா சத்தியமா இல்லீங்கய்யா! சாணி கெடக்கான்னு பாருங்க."

தேடினார். ஒரு துளி சாணி இல்லை.

"அப்ப மாட்டில பிழையே இல்லை! இங்க புல் வளராது, அவ்வளவுதான். இந்தக் கண்டுபிடிப்போட இனி நான் பேராசிரியர்!"

குதூகலமாக எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறைந்ததும் புருஷன் அந்தோனிப்பிள்ளை ஓடி வந்தான். "நம்ம பசு தப்பிச்சிருச்சா?"

"தப்பிச்சிருச்சு. மாட்ட உள்ள விடாதன்னாரு, நான் ஒரு நாளும் விடல."

தேயிலைச் செடிகளுக்குள் ஒளித்திருந்த அரிவாளை எடுத்து இடுப்பில் செருகினாள். அங்கேயே மறைத்து வைத்திருந்த புல்லுக்கட்டைக் காட்டினாள்.

"வேலிக்குள்ள காலையில அறுத்தது. தூக்கிவிடுங்க, அது பசியோட கத்துது."