கஞ்சன்ஜங்காவுக்கு மேற்கே

“இன்னா பொண்ணும்மா நீ! கடலுக்குப் போன உன் புருசன் போட்டு இன்னும் வரல. ஊரே முகத்துவாரத்தாண்ட நிக்குது. நீ பேப்பர்ல கட்டம் ரொப்பினு கீறியே?”

வாசலில் நின்று பச்சையம்மா கேட்டதும் ரோசி பதறி எழுந்து வந்தாள்.

“மெதுவா பேசுக்கா. அத்தைக்கு விஷயம் தெரியாது. போன மாசம்தான் நெஞ்சுல ஆபரேஷன். தெரிஞ்சா தாங்க மாட்டாங்க.”

அவளுக்கு ஆறு மாத வயிறு. பச்சையம்மா வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“யாரு, பச்சையம்மாவா? வா, வா. ரோசி, அடுத்தது படி” என்றாள் மாமியார் சூசையம்மாள்.

பேப்பர் வந்தால் குறுக்கெழுத்துப் போடுவது மாமியாருக்கும் மருமகளுக்கும் தினசரி வழக்கம். இன்று எல்லாமே மலைகள்.

“தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம். நாலு எழுத்து.”

“தொட்டபெட்டா.”

“அது ஆறு எழுத்து, அத்தை. ஆனைமுடி. அது இருக்கிற மாவட்டம்? இதுவும் நாலு எழுத்துதான்.”

“கொல்லம்!”

“இடுக்கி, அத்தை.”

வெளியே காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. ரோசி வாசல் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

“கஞ்சன்ஜங்காவுக்கு மேற்கே இருக்கிற நாடு.”

“பூட்டான்.”

“அது கிழக்கே.”

“அப்போ திபெத்தா?”

“இல்ல அத்தை, அது...”

“சொல்லாதே! நானே யோசிக்கிறேன்.”

யோசித்தாள், யோசித்தாள், யோசித்துக்கொண்டே இருந்தாள். பச்சையம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெத்த புள்ள கடல்ல கெடக்கான், அது தெரியாம இந்தம்மாவுக்கு மலை கேக்குதா!

மதியம் தாண்டியிருக்கும். தெருவில் சத்தம்.

“ரோசி! உன் புருசன் இன்னாசி போட்டு வந்துடுச்சு! இன்ஜின் நின்னு போச்சாம். கட்டி இழுத்துனு வந்துட்டாங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க!”

பேப்பரைப் போட்டுவிட்டு ரோசி அழுதுகொண்டே தெருவுக்குப் போனாள்.

பச்சையம்மாவால் அடக்க முடியவில்லை. “ஏம்மா, டெய்லி கட்டம் போடுற ஆளு நீ. நேபாளம்னு எனக்கே தெரியுது. உனக்குத் தெரியாதா?”

சூசையம்மாள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“மகன் வரலைன்னு காலையிலயே எனக்குத் தெரியும்டி. வயித்துப் புள்ளக்காரி கரையில போய் நின்னு அலறினா இன்னா ஆவும்? கட்டம் முடிஞ்சா எழுந்து போயிடுவாளேன்னுதான் தப்புத் தப்பா சொல்லினு இருந்தேன்.”