பிந்தி வந்த கற்றாழை

"ஏட்டி சுகிர்தா! ஆறு மணிக்கு வரவேண்டிய கற்றாழை எட்டு மணிக்கா வரும்? இது என்ன ஒங்க அப்பன் வீட்டு ஆலையா?"

கைலாசம் அண்ணாச்சி போட்ட சத்தத்தில், ஆழ்வார்குறிச்சி ரோட்டில் போன பஸ்ஸே ஒரு நிமிஷம் தயங்கியிருக்கும்.

சுகிர்தா லோடு ஆட்டோவிலிருந்து நிதானமாக இறங்கினாள்.

"அஞ்சு மணிக்கே வெட்டி முடிச்சாச்சு அண்ணாச்சி. ஆறுக்கே வரலாம். ஆனா எட்டுக்குத்தான் வருவேன். வேணும்னா இறக்குங்க. இல்லேன்னா வண்டியத் திருப்புதேன்."

அண்ணாச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திமிர்! ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே ஆலையில் கற்றாழை மடலைச் சீவி ஜெல் வழித்துக்கொண்டிருந்தவள். ஒரு நாள் பெரிய சண்டை. வெளியே அனுப்பிவிட்டார். எதற்குச் சண்டை என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. அவள் போட்ட கூச்சல் மட்டும் இன்னும் காதில் நிற்கிறது. இன்றைக்குத் தோட்டம் தோட்டமாகப் பேரம் பேசி மடல் பிடிக்கிற வியாபாரி அவள். பழைய கடுப்பைத் தீர்க்கத்தான் தினமும் பிந்தி வருகிறாள்.

அதுவும் இன்றைக்கு! முகக் கிரீம் கம்பெனி மேடம் வருகிற நாள். அவர் தலையாட்டினால் வருஷம் முழுக்க ஆர்டர். இல்லாவிட்டால் ஆலைக்குப் பூட்டு.

"இதான் ஒன் கடைசி லோடு. நாளைக்கு வேற ஆளு!"

"பாப்போம்" என்றாள் சுகிர்தா.

கம்பெனி மேடம் பிருந்தா வந்தார். மெஷினைப் பார்க்கவில்லை. ஜெல்லையும் தொடவில்லை. நேரே மடல் சீவுகிற மேசைக்குப் போனார்.

"எல்லாரும் கையுறையைக் கழட்டிக் கையைக் காட்டுங்க."

பதினோரு பெண்கள். இருபத்திரண்டு கை. ஒரு சொறி இல்லை, ஒரு புண் இல்லை.

மேடம் முகம் மலர்ந்தது.

"மூணு ஆலை பார்த்துட்டு வர்றேன். முள்ளு கையுறையைக் கிழிச்சு, கற்றாழையோட மஞ்சப் பால் பட்டு, அங்கெல்லாம் கை வெந்து கிடக்கு. கையைப் புண்ணாக்கி எடுத்த ஜெல்லை எப்படிங்க முகத்துல பூசச் சொல்றது? ஆர்டர் உங்களுக்குத்தான். இவங்க கை இப்படிப் புண்ணில்லாம இருக்க என்ன பண்றீங்க?"

அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார். "வேலை செய்யுதவங்கள நான் பெத்த பிள்ளை மாதிரி…"

"ஆமா, கிழிச்சீய!"

மேசைக் கடைசியிலிருந்து ஞானம்பாள் எழுந்துவிட்டாள்.

"மேடம், சுகிர்தா கொண்டார மடல்ல அந்தப் பாலே இருக்காது. வெட்டினதும் ஒவ்வொண்ணா நிமித்தி வச்சு, ரெண்டு மணி நேரம் வடியவிட்டுத்தான் வண்டில ஏத்துவா. எடை குறைஞ்சு நட்டம் அவளுக்குத்தான். நாங்க கேட்டா, 'போங்கட்டி, கையப் பாத்துக்கோங்க'ம்பா."

வாசலில் சுகிர்தா தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி பைய அவள் பக்கம் போனார்.

"ஏம்மா… நாளைக்கும் எட்டு மணிக்கே வந்துரு. ஒம்போதுன்னாலும் சரிதான்."

"வேற ஆளு?"

"அட, விடும்மா! இதுதான் விஷயம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

சுகிர்தா வண்டியைக் கிளப்பினாள்.

"சொன்னேனே அண்ணாச்சி! ஏழு வருஷத்துக்கு முன்ன மஞ்சப் பாலை வடிச்சுட்டுக் குடுங்கன்னுதான் கத்துனேன். 'சொறிக்கைக்காரிக்கு இங்க வேலை இல்ல'ன்னு வெளிய தள்ளுனது நீங்கதான்."