அண்ணன் கொடுத்த வீடு

மொட்டைமாடிக்கு ஏறி வந்த அண்ணன், கண்ணை மூடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

“அடேயப்பா, இனிமே இங்க மனுஷன் மூச்சு விடலாம்!”

இத்தனை வருடம் இங்கே மூச்சு விட்டது யாராம் என்று தங்கை கேட்கவில்லை. கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியை வெளியே காயப்போடும் தைரியம் அவளுக்கு இந்த மாதம்தான் வந்திருந்தது.

எதிரே அனல்மின் நிலையம். பழையதை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். சாம்பலைப் பிடித்துவைக்க வடிகட்டி, கந்தகத்தைக் கழுவ ஒரு கோபுரம். புகைபோக்கியில் இனி கரும்புகையே வராது என்றார்கள். கைப்பிடிச் சுவரை விரலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் அவள் நம்பினாள்.

வீடு அண்ணனுடையது. அவர் மகனுக்கு மூன்று வயதில் இளைப்பு வந்தபோது, இந்தக் காற்று பிள்ளைக்கு ஆகாது என்றார் டாக்டர். ஒரே வாரத்தில் ஊரின் அந்தக் கோடிக்குக் குடிபோனார் அண்ணன். காலியாகக் கிடந்த வீட்டை, புருஷனை இழந்து நின்ற தங்கைக்குக் கொடுத்தார். வாடகைகூட வாங்கவில்லை. சொந்தபந்தமெல்லாம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த மகனுக்குக் கல்யாணமாகி, இப்போது மருமகள் உண்டாகியிருக்கிறாள்.

“அவளுக்கு நல்ல காத்து வேணுமாம்மா. நம்ம வீடு இங்க இருக்கறப்ப வேற எங்க போறது, சொல்லு?”

அவள் ஒரு துண்டை உதறினாள். உதறிய துண்டையே மறுபடியும் உதறினாள்.

அண்ணன் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வந்திருந்தார். வடிகட்டியில் சேரும் சாம்பலை லாரி லாரியாகக் கொண்டுபோய் ஒரு மேட்டில் கொட்டுகிறார்கள். அதன் அடிவாரத்தில் அவளுக்கு ஒரு வீடு பார்த்து, பேசியும் முடித்துவிட்டார்.

“கொஞ்சம் தூசு இருக்கும். உனக்குத்தான் பழகிப்போச்சே. அதுவுமில்லாம, ஒத்த ஆளுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு?”

ஒற்றை ஆள்.

குடிவந்த அன்று அவள் இடுப்பில் இன்னொரு ஆள் இருந்தாள். அண்ணன் மகனைவிட ஒரு வயது சின்னவள்.

தங்கை துண்டைக் கொடியில் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“போயிடறேண்ணா. உள் ரூம்ல மட்டும் உங்க பேரப்பிள்ளையத் தூங்க வைக்காதீங்க. என் பொண்ணுக்கு மூச்சு நின்னது அங்கதான்.”