விருப்பாச்சியில் எட்டு வருஷம்

சத்யப்பிரியா மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. வேலு நாச்சியார் இன்னும் விருப்பாச்சியை விட்டுக் கிளம்பியபாடில்லை. கணவரை வெள்ளைக்காரன் படை கொன்ற பிறகு, சிவகங்கை ராணி ஒதுங்கியிருந்த ஊர் அது.

"மலைக்காத்து... மெல்ல வீசுது... சாயங்காலம் ஆனா மழை... சிணுசிணுன்னு மழை..."

மேடை ஓரத்தில் நின்ற காளிராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராஜபாளையத்தில் அந்த ஸ்பின்னிங் மில்லுக்கு அவர்தான் ஹெச்.ஆர். ஆபீசர். மகளிர் தினத்துக்கு 'வரலாற்றில் வீரப் பெண்கள்' என்று பேனர் அடித்து, பேச்சாளரை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து கூட்டி வந்ததும் அவர்தான்.

போன மாசம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதே பெண் இதே நாச்சியாரைப் பற்றிப் பேசிக் கேட்டிருந்தார். சிவகங்கைக்குள் படை நுழைகிற இடத்தில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தே விட்டார். அப்படிப் பேச்சு. காளிராஜ் அங்கேயே போய் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், எங்க குரூப்புல இன்னும் ஆறு மில்லு இருக்கு. எங்க மில்லுல நல்லாப் போச்சுன்னா அம்புட்டுக்கும் நீங்கதான்."

சத்யப்பிரியாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மே மாதம் வந்தால் சம்பளம் கிடையாது. தலையை வேகமாக ஆட்டினாள்.

"ஜமாய்ச்சிருவோம் சார்."

ஜமாய்க்கிற லட்சணம் இப்போது தெரிந்தது. ஹாலில் மில் தொழிலாளிப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிட்டார்கள். வெளிநாட்டுப் பார்ட்டி வந்தால் மட்டும் திறக்கிற ஏசி ஹால், மெத்தை வைத்த நாற்காலி வேறு. ஒருத்தி பக்கத்துக்காரி தோளில் சாய்ந்திருந்தாள். முதல் வரிசையில் மாரிச்செல்வி வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

"ஏலே ராம்கி, போட்டோ எடுத்தியா?"

போட்டோகிராபர் கேமராவைத் தொங்கவிட்டபடி நின்றான். "எதை எடுக்க அண்ணாச்சி? அம்புட்டும் சாஞ்சு கெடக்கு."

"நாட்டுக்காக வாள் எடுத்த பொம்பள கதையைச் சொன்னா, இதுக கொறட்டை விடுதுக. இதுகளைச் சொல்லி என்ன செய்ய, பேசுறவங்களைச் சொல்லணும். பத்தரைக்கு முதலாளி வந்திருவாரு, என் தலைதான் உருளும்."

'சீக்கிரம் போருக்குப் போங்க மேடம்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினார்.

சத்யப்பிரியா படித்தாள். மடித்து வைத்தாள். குரல் இன்னும் இறங்கியது.

"நாச்சியாருக்கு அவசரம் இல்லை... எட்டு வருஷம்... பொறுமையாக் காத்திருந்தாங்க..."

பொறுக்கமாட்டாமல் காளிராஜ் தனியாளாகக் கை தட்டினார். நாலைந்து தலைகள் திடுக்கிட்டு நிமிர்ந்தன.

"கைதட்டலைக் கடைசியில வச்சுக்கிடுவோம் சார்." மைக்கிலேயே சொன்னாள், அதே தாலாட்டுக் குரலில். நிமிர்ந்த தலைகள் மறுபடி சாய்ந்தன.

காளிராஜ் முதல் வரிசைக்கே போய்விட்டார்.

"ஏம்மா மாரிச்செல்வி, ஒரு மனுசி அங்க தொண்டைத்தண்ணி வத்தப் பேசிக்கிட்டிருக்கா..."

"சார், நடுவுல நடக்காதீங்க. கவனம் கலையுது." மேடையிலிருந்து சத்யப்பிரியாவின் குரல் வந்தது.

யாருடைய கவனம் என்று அவருக்கு விளங்கவே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்.

ஜன்னலுக்கு வெளியே முதலாளியின் கார் வந்து நின்றது. சத்யப்பிரியா அதைப் பார்த்தாள். நிமிர்ந்து நின்று, ஹால் அதிரச் சொன்னாள்.

"எட்டு வருஷம் கழிச்சு படையோட வந்தாங்க நாச்சியார். இழந்த சீமையை மீட்டாங்க. இப்பத் தட்டுங்க கையை."

மொத்தக் கூட்டமும் விழித்துக்கொண்டு தட்டியது. மாரிச்செல்வி வாயைத் துடைத்துவிட்டு எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். உள்ளே வந்த முதலாளிக்குப் பரம சந்தோஷம்.

"பரவாயில்லையே காளிராஜ், நல்ல உற்சாகமா இருக்காங்க. மெஷின் எதுவும் நிக்கலையே?"

"ஒண்ணுகூட நிக்கலை சார்."

விழா முடிந்து ஆபீஸ் அறையில் டீ வந்தது. காளிராஜ் கதவைச் சாத்தினார்.

"முதலாளி பாக்கலை, தப்பிச்சோம். நான் பாத்தேன்ல மேடம். மத்த ஆறு மில்லுக்கும் நான் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன். அன்னைக்கு மண்டபத்துல பேசுனது நீங்கதானான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

சத்யப்பிரியாவின் முகம் வாடிவிட்டது. டீயை ஒரு வாய் குடித்தாள்.

"எனக்கும் வருத்தமாத்தான் சார் இருக்கு. ஆனா, காலையில மில் கேட் பக்கத்துல மாரிச்செல்வியும் மத்தவங்களும் நின்னாங்க. எந்த ஷிப்டுன்னு கேட்டேன். பகல் ஷிப்டு ஆளுகளை எடுத்தா மெஷின் நின்னுரும்னு, நைட் ஷிப்டு முடிச்சவங்களை வீட்டுக்கு விடாம உக்கார வச்சிருக்கீங்க. ராத்திரி பூராவும் நின்னுட்டு வந்தவங்களை முழிக்க வச்சு, நான் என்ன வீரத்தைச் சொல்ல?"

காளிராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் மடக்குவதற்கு ஒன்று கிடைத்தது.

"அப்படின்னா பத்து நிமிஷத்துல முடிச்சு விட்டிருக்கலாமே மேடம். வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாங்கள்ல?"

"அதையும் அவங்ககிட்டக் கேட்டேன் சார். 'வீட்டுக்குப் போயித் தூங்கவா'ன்னு அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க."